ஆப்புக்கு ஆப்சென்ட் போடுவது யார்?

2025 ஜூலை 8-ஆம் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு செய்யும் செல்போன் செயலியில் நடக்கும் தில்லுமுல்லுகளை அதில் அமைச்சகமே பட்டியல் போட்டிருந்தது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படத்தை ஏற்றுகிறார்கள். நேரில் நிற்கும் ஆளை எடுக்காமல், ஏற்கெனவே எடுத்த படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். படத்தில் உள்ள தலைகள் ஒரு கணக்கு, பட்டியலில் உள்ள தலைகள் வேறு கணக்கு. ஆண் பெண் கணக்கும் ஒட்டவில்லை. ஒரே ஆட்கள் பல வருகைப் பட்டியல்களில் தலைகாட்டுகிறார்கள். பிற்பகல் படத்தைக் காணோம்.

இதற்கு அமைச்சகம் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஊராட்சிதோறும் ஏற்றப்படும் படங்களை நூற்றுக்கு நூறு மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு முறை படியுங்கள். மனிதர் எழுதும் கணக்கில் பொய் இருக்கிறது என்று ஆப் வந்தது. ஆப்பில் பொய் இருக்கிறது என்று இப்போது மனிதர் வருகிறார். நடுவில் நான்கு வருடம். எத்தனை செல்போன், எத்தனை ரீசார்ஜ், எத்தனை பேரின் எத்தனை நாள் கூலி! அதற்கு மட்டும் சுற்றறிக்கை இல்லை.

இந்தச் செயலி 2021 மே மாதம் வந்தபோது, விரும்பினால் பயன்படுத்தலாம் என்றார்கள். 2022 மே 16 முதல், இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் கட்டாயம் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் கட்டாயம். ‘விரும்பினால்’ என்ற சொல்லுக்கு டெல்லியில் ஆயுள் ஒன்றரை வருடம். நூறு நாள் போராட்டம் என்று அறிவித்து, டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் 2023 பிப்ரவரியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த நாட்களுக்கு யாரும் படம் எடுத்து வருகைப் பதிவு செய்யவில்லை.

இனி தர்மபுரி மாவட்டத்துக்கு வருவோம். மழையை நம்பிய நிலம். ஏரி தூர்வாருவது, வரப்பு கட்டுவது, குழி வெட்டுவது என்று நூறு நாள் வேலை இங்கே பல வீடுகளுக்கு அடுப்பெரிக்கும் காசு. 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அந்தக் காசு கைக்கு வரவேண்டுமானால் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டிலும் இடத்தின் ஆயத்தொலைவு. மண் எவ்வளவு வெட்டினாய் என்பது அப்புறம். முதலில் படத்தில் விழு.

படம் எடுக்க வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். போன் அவருடையது. ரீசார்ஜும் அவர் காசு. அமைச்சகம் கொடுத்தது ஒரு உத்தரவு. உத்தரவுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

ஏரிக்கரையில் என்ன நடக்கும் என்பது நூறு நாள் வேலைக்குப் போன எவருக்கும் தெரியும். பொறுப்பாளர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடப்பார். வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

“ஏறலைக்கா. சர்வர் படுத்துடுச்சு.”

“சர்வர் படுத்தா அதுக்குக் கூலி பிடிப்பாங்களா கண்ணு?”

பிடிக்க மாட்டார்கள். படுத்தது சர்வர், கூலி போவது நின்று வேலை செய்தவளுக்கு. இந்தியாவில் வேலைக்கு வராமல் போனாலும் ஆப்சென்ட் விழாத ஒரே ஊழியர் அரசாங்கத்தின் ஆப்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டவர் இல்லாத இடத்தில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, டவர் கிடைத்ததும் ஏற்றலாம் என்கிறது விதி. நல்ல விதிதான். டவர் எப்போது கிடைக்கும் என்று விதியில் எழுதவில்லை. இன்னொரு விதியும் இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் படம் ஏறவில்லை என்றால், கையால் எழுதிய வருகையைப் பதிவேற்ற மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டாம். அவர் யார்? கலெக்டர். சித்தேரி மலையில் ஒரு நாள் வருகை விட்டுப்போனால், மலையிறங்கி அரூர், அரூரிலிருந்து பஸ் பிடித்துத் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ். 336 ரூபாய்க்கு நீதி கேட்க அன்றைய 336 ரூபாயைத் தொலைத்துவிட்டுப் போக வேண்டும். மேல்முறையீடு என்ற பெயரில் ஒரு நாள் அபராதம்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறித்தான் அந்த மலைக்குப் போயின. படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சாலை இல்லை என்று யாரும் தேர்தலை ரத்து செய்யவில்லை. ‘உங்கள் மலை எங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை’ என்று யாரும் அறிவிக்கவில்லை. கழுதைக்கு அப்டேட் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. இயந்திரமும் அதிகாரியும் மக்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டு வாங்க வேண்டும் என்றால் அரசாங்கம் கழுதையை ஓட்டிக்கொண்டு மலையேறும். கூலி கொடுக்க வேண்டும் என்றால் மட்டும், டவர் இருக்கும் இடத்துக்கு நீ இறங்கி வா.

சரி, டவர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆப் போனில் ஏறுமா?

‘இந்த ஆப் உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது.’ ப்ளே ஸ்டோரில் இந்த வரியைப் பார்க்காத ஏழை உண்டா? ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போன். வாங்கிய இரண்டாம் வருடமே அதன் கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிடும். மூன்றாம் வருடம் நினைவகம் நிரம்பிவிடும். அரசு ஆப் ஒன்றை ஏற்ற, பேரன் படத்தை அழிக்க வேண்டும். இன்னொன்றை ஏற்ற, பேத்தி படத்தை அழிக்க வேண்டும்.

இதில் கடைக்காரர் விதி ஒன்றும் இருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டு வந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ப ஆப்பைப் புதுப்பிக்காமல் சில வருடம் விட்டுவிட்டால், புதுப் போன் வாங்கியவர் கண்ணுக்கு அந்த ஆப்பைக் கூகுள் கடையில் காட்டாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நம் துறைகள் ஆப் செய்வது திறப்பு விழாவுக்காக. விழா முடிந்தால் ஒப்பந்தக்காரர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதிகாரி மாறுதலாகிப் போய்விடுவார். ஆப் மட்டும் அநாதையாகக் கடையில் நிற்கும். விளைவு என்ன? கைவிட்ட ஆப் புதுப் போனில் தெரியாது. கைவிடாத ஆப் பழைய போனில் ஏறாது. குடிமகனுக்கு எந்தப் போன்தான் பொருந்தும்? இரண்டுக்கும் நடுவில் ஒரு போன் இருக்கிறது. அது பிடிஓ ஆபீசில் அதிகாரியின் சட்டைப்பையில் இருக்கிறது.

(2018 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு விவசாயிகளுக்குக் கொண்டுவந்த உழவன் செயலி இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழில் பேசுகிறது. கைதட்ட ஒன்று இருக்கும்போது தட்டிவிட வேண்டும். அதே அரசு 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கிவிட்டது. படிக்க வந்த பிள்ளைகள் ஆப்புக்கு வேலை பார்த்தார்கள்.)

அங்கன்வாடிக்கு வாருங்கள். 2021-ல் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலி வந்தது. அந்த வருடமே மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த போன் ஓடவில்லை என்று அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போன் ஓடவில்லை என்று தெரிந்தால் ஒரு அரசு என்ன செய்ய வேண்டும்? பாரத்தைக் குறைக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் முக அடையாளத்தையும் சேர்த்து ஏற்றினார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவு வேண்டும் என்றால் தாயின் முகம் பதிவில் உள்ள முகத்தோடு ஒத்துப்போக வேண்டும். சத்துக் குறைந்து கன்னம் ஒட்டிப்போனவளுக்கும் சேர்த்துத்தான் அந்த மாவு. கன்னம் ஒட்டிப்போனால் முகம் ஒத்துப்போகவில்லை என்று போன் சொன்னால், யார் பொறுப்பு? எதிரே உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். போனுக்குத் தெரியாது. அரசாங்கம் போனை நம்புகிறது.

பொதுப் பணத்தைத் திருடியவர்களிடம் முகம் கேட்பதில்லை. மாவு வாங்க வந்தவளிடம் கேட்கிறார்கள்.

இந்த ஆப்பெல்லாம் குடியிருக்கும் வீடு யாருடையது என்று பார்ப்போம். கூலி, மாவு இரண்டுக்கும் வாசல் கலிபோர்னியாவில் உள்ள ஒரு கம்பெனியின் கடை. அங்கே நுழைய அந்தக் கம்பெனியில் ஒரு கணக்கு வேண்டும். பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைய ஜிமெயில் முகவரி கேட்டால் நாம் சிரிப்போம். ப்ளே ஸ்டோரில் கேட்டால் மகனைக் கூப்பிட்டுத் திறந்து தரச் சொல்கிறோம்.

அரசாங்கத்துக்குச் சொந்தமாக ஒரு ஆப் கடை இருக்கிறது, தெரியுமா? தெரியாதுதான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நடத்தும் மொபைல் சேவா ஆப் ஸ்டோர். அதில் 965 ஆப்கள் இருப்பதாக 2021 மார்ச்சில் அன்றைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் மாநிலங்களவையில் சொன்னார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். 965 ஆப் உள்ள கடையில் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் அவருக்கு மாலை போடலாம்.

இன்னொரு வேடிக்கை. அந்த அரசுக் கடையிலிருந்து ஒரு ஆப்பை இறக்கினால், ‘தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஆபத்தாக இருக்கலாம்’ என்று போன் எச்சரிக்கும். இந்திய அரசாங்கம், இந்தியனின் போனுக்குத் தெரியாத இடம். கூடவே, ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எந்த ஏபிகே கோப்பையும் இறக்காதீர்கள் என்று சைபர் க்ரைம் போலீசும் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் போலி கிசான் ஆப், போலி போக்குவரத்து அபராத ஆப் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. போலீஸ் சொல்வதில் தவறில்லை. ஆக, அரசு ஒரு கடை திறந்தது. அரசின் போலீசே அந்தப் பக்கம் போகாதே என்கிறது. இரண்டு சம்பளமும் நம் வரிப்பணம்.

சரி, அந்தப் பெரிய கடையின் காவல்காரராவது யோக்கியமா? 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் ஆப்களைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கியதற்கு நன்றி. உள்ளே விட்டது யார்? மூவாயிரம் கடன் கொடுத்து, போனில் உள்ள எண்களையெல்லாம் உருவி, படத்தை வெட்டி ஒட்டி உறவினருக்கு அனுப்பி மிரட்டிய கும்பல்கள் எல்லாம் கதவை உடைத்து வரவில்லை. கடையில் வரிசையில் நின்று, அனுமதி வாங்கி, நட்சத்திரம் வாங்கி உட்கார்ந்திருந்தன. தூக்கில் தொங்கியவர் வீட்டுக்குக் கடைக்காரர் துக்கம் கேட்க வரவில்லை.

கடைக்காரரைத் தட்டிக்கேட்க ஒரு முயற்சி நடந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மற்றவர்களின் ஆப் கடைகளையும் உள்ளே விடு, வெளியிலிருந்து ஆப் ஏற்றுவதைத் தடுக்காதே என்றும் கட்டளையிட்டது. 2023 மார்ச் 29-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. அந்த இரண்டு கட்டளைகளையும் ரத்து செய்தது. அபராதப் பணம் அரசாங்கத்துக்கு. பூட்டு நமக்கு. 2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு பூட்டையும் அறிவித்தது: கடைக்கு வெளியே ஆப் கொடுப்பவரும் தன்னிடம் அடையாளம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், 2026-ல் நான்கு நாடுகளில் ஆரம்பம், 2027 முதல் மற்ற நாடுகள். கூச்சல் எழுந்ததும், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு சந்து விடுவதாகச் சொன்னார்கள். விவரம் தெரியாதவருக்குப் பழையபடி சுவர்.

இந்தக் கடையின் அதிகாரத்தை நம் ஆட்சியாளர்கள் ஒரே ஒரு முறை உணர்ந்தார்கள். 2024 மார்ச் 1-ஆம் தேதி, கமிஷன் தகராறில் பத்து இந்தியக் கம்பெனிகளின் ஆப்களைக் கூகுள் கடையிலிருந்து தூக்கியது. சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. அது ஏற்கெனவே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பலன் கிடைக்காமல் நின்ற வழக்கு. ஆப்பைத் தூக்கியதும் தலைநகரம் பதறியது. மறுநாளே மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இந்திய ஆப்களை நீக்குவதை அனுமதிக்க முடியாது என்றார். கூட்டம் நடந்தது. சில நாளில் ஆப்கள் கடைக்குத் திரும்பின.

கல்யாணம் முடித்து வைக்கும் ஆப் காணாமல் போனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து. அதைக் காப்பாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏரிக்கரையில் வட்டம் சுற்றும் ஆப்புக்கு ஒரு அமைச்சர், ஒரு கூட்டம், ஒரு ‘அனுமதிக்க முடியாது’ எங்கே? அதற்கு ஒரு சுற்றறிக்கைதான் வந்தது. அதிலும் குற்றவாளி கூலிக்காரன்.

சரி, ஆப் ஏன் ஓடவில்லை என்று நாமே திறந்து பார்க்கலாமா? முடியாது. மூடி வைத்திருக்கிறார்கள். கொள்கை இல்லாமல் இல்லை. அரசு மென்பொருளில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டது. அரசு ஆப்களின் மூல நிரலைத் திறந்து வைத்து எல்லோரும் சேர்ந்து மேம்படுத்தலாம் என்று அதே வருடம் இன்னொரு கொள்கையும் வந்தது. இரண்டும் நல்ல தாளில் அச்சானவை.

திறந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருமுறை திறந்தார்கள். கொரோனா காலத்தின் ஆரோக்கிய சேது. 2020 ஏப்ரல் 2-ல் வந்தது, வீட்டைவிட்டு வெளியே வர வேண்டுமானால் கையில் இருக்க வேண்டும் என்ற நிலைக்குப் போனது, ஊர் கத்திய பிறகு மே 26-ல் அதன் ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட்டார்கள். அதன் பின் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்: இந்த ஆப்பை உருவாக்கியது யார்? தேசியத் தகவல் மையம் தன்னிடம் தகவல் இல்லை என்றது. அந்த ஆப்பின் இணையதளத்திலேயே அந்த மையத்தின் பெயர் இருந்தது. பெற்றவர் பெயர் கேட்டால் பெற்றவரே தெரியாது என்கிறார். மத்தியத் தகவல் ஆணையம் கடிந்துகொண்டு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அரசுக்கு விளக்கம் நினைவுக்கு வந்தது.

கோடிக்கணக்கானவர் போனில் ஏற்றிய ஆப்புக்கே தகப்பன் பெயர் தெரியாத நாடு இது. உன் கூலியைப் பிடித்த ஆப்பின் பிழைக்கு யார் பொறுப்பு என்று ஏரிக்கரையிலிருந்து கேட்டால் பதில் வந்துவிடுமா?

பொறுப்பு கேட்க வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் ஆப்புக்குக் கீழே கருத்து எழுதலாம். மனு கொடுக்கும் நாள் திங்கட்கிழமை மட்டும்; இது தினமும் திறந்திருக்கும். எழுதிப் பாருங்கள். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், புதிய பதிப்புக்கு மாறுங்கள்’ என்று ஒரு பதில் வந்தாலும் வரும். புதிய பதிப்பு உங்கள் போனில் ஏறாது. அதைத்தானே எழுதினோம்!

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். நூறு நாள் இனி நூற்று இருபத்தைந்து நாள் என்றார்கள். பெயரிலிருந்து காந்தி போனார். ஆப் போகவில்லை. பயோமெட்ரிக் சரிபார்ப்பும், செல்போன் கண்காணிப்பும், செயற்கை நுண்ணறிவும் சட்டத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டன. முன்பு சுற்றறிக்கையை எதிர்த்துப் போராடினோம். இனி சட்டப் பிரிவை எதிர்த்துப் போராட வேண்டும்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. மக்கள் காசில் செய்த ஆப்பின் நிரலை மக்களுக்குத் திறந்து வையுங்கள். ஐந்து வருடப் பழைய போனிலும் ஓடும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் போன் வாங்கிக் கொடுங்கள். ஒரு கம்பெனியின் கடை வழியாக மட்டும் வா என்று சொல்லாதீர்கள். ஆப் ஓடாத நாளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டால் போதும், கூலி உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். கலெக்டர் வரை போகாமல், ஊராட்சி செயலாளர் கையெழுத்திலேயே அது முடிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். அடுத்த சபைக்குப் போங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை மட்டும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சர்வர் வேலை செய்யாத தேதிகளையும், அன்றைக்குக் கூலி போனவர்கள் பெயரையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். தாளில், பேனாவால். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லிக் கையெழுத்துடன் நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.